விசில் சார்

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. விடுமுறையில் தூத்துக்குடி கடற்கரையில் நடந்த மாணவர் சுற்றுச்சூழல் முகாமுக்கு, ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்த விளையாட்டு ஆசிரியர். நல்ல தொந்தி, வெயிலில் கறுத்த கழுத்து, அதில் எப்போதும் ஒரு விசில். வேறு பள்ளிகளிலிருந்து வந்திருந்த எங்களையும் சேர்த்துச் சாப்பிடக் கூப்பிடுவதற்கும் அதைத்தான் ஊதுவார்.

அலையோரத்தில் அறுந்த மீன்வலை ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வலை மறுபடி கடலுக்குள் போனால் ஆமைகளுக்கு அதுவே தூக்குக் கயிறு. சார் விசில் ஊதி, கயிறு இழுக்கும் போட்டிக்கு நிறுத்துவதைப்போல எங்களை இரண்டு அணியாக்கி, வலையின் இரு முனைகளிலும் எதிரெதிராக நிறுத்தினார்.

"இழுங்கலே" என்றார்.

உயிரைக் கொடுத்து இழுத்தோம். வலை விறைத்ததே தவிர அசையவில்லை.

"சார், நாம யாரு கூடப் போட்டி போடுதோம்?" என்று கேட்டேன்.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். வலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"கடலு கூடத்தான். எல்லாரும் கரைப்பக்கமா வாங்க."

கடைசி ஆளாக அவரும் வலையைப் பிடித்தார். ஒவ்வொரு ஊதலுக்கும் ஒரு முழம் நகர்ந்தது. முழங்கால்வரை வந்த அலை திரும்பிய நொடியில் வலை மொத்தமும் பிடுங்கிக்கொண்டு வர, ஒருவர்மேல் ஒருவராக மல்லாந்து விழுந்தோம்.

உடம்பெல்லாம் மணலோடு எழுந்தவர், ஜெயித்த அணியின் பக்கம் கை தூக்கும் பழக்கத்தில் ஒரு கையைத் தூக்கினார். தோற்ற அணியைத் தேடுவதுபோல் ஒரு கணம் விழித்தார். பிறகு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, மூச்சு தீரும்வரை விசில் ஊதினார்.