தகட்டில் தெரிந்த ஊர்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். போடியிலிருந்து விடியக்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறேன். என் பக்கத்துச் சீட்டு எப்போதும் கூட்டாளிக்கு. தோட்டத்தில் முதுகில் பம்பு மாட்டிப் பூச்சிமருந்து அடிப்பவன். கொஞ்ச நாளாக டீக்கிளாசை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தான்.

"பொண்டாட்டிதானடா மாசமா இருக்கா, ஒனக்கு எதுக்கு நடுக்கம்?" என்று ஜீப்பே சிரிக்கும்படி கேட்டவன் நான்தான். அவனும் சிரித்தான். டீ சிந்தியது.

ஒருநாள் மதுரையில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி எங்களோடு ஏறினாள். மருந்தடிப்பவர்களின் ரத்தத்தைப் பார்க்க வந்தவள். மடியில் ஒரு பெட்டி. வளைவு வரும்போதெல்லாம் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டாள்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அதைத் திறந்தாள். மூடியில் ஒரு சின்னத் திரை, உள்ளே நகத்தளவு கண்ணாடித் தகடு. சாய்த்தால் பச்சை, நிமிர்த்தினால் ஊதா.

"சாயம் நல்லா ஏறியிருக்கு மேடம்" என்றேன்.

"சாயமே இல்லண்ணே. கண்ணுக்குத் தெரியாத குட்டித் தூணுக வரிசையா நிக்குது. வெளிச்சம் அதுல பட்டு இப்படித் திரும்புது. மருந்து ஏறுன ரத்தத்துல ஒரு புரதம் மாறிப்போயிருக்கும். அது வந்து தூணுல ஒட்டுச்சுன்னா அந்த எடத்துல வெளிச்சம் மாறும். திரையில புள்ளியாத் தெரியும்."

ஒத்துப்பார்க்க, மருந்தே தொடாத ஆள் ஒருவர் வேண்டுமாம். நான் விரலை நீட்டினேன். திரை இருட்டாகவே கிடந்தது. ஓரத்தில் ஒன்றிரண்டு புள்ளி.

"என்ன மேடம், எனக்குள்ள ஒண்ணுமே இல்லையா?"

"இல்லாம இருந்தாத்தாண்ணே நல்லது."

அடுத்தது கூட்டாளி. என்னை வாசல்பக்கம் இழுத்துப்போனான்.

"மாப்ளே, எனக்கும் சேத்து நீயே விரலக் குடுத்துருடா. ஏதாச்சும் காட்டுச்சுன்னா பம்பப் புடுங்கிருவாய்ங்க. புள்ள வர்ற நேரம்டா."

கேலி நாக்குநுனி வரைக்கும் வந்தது. என் சட்டையைப் பிடித்திருந்த அவன் கையைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"என் ரத்தம் என்னையத்தான்டா காட்டும். வா."

அவன் விரல் ஒரு நிலையில் நிற்கவில்லை. நான்தான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சநேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் திரையில் புள்ளிகள் தனித்தனியாக, பிறகு கொத்துக்கொத்தாக எரிய ஆரம்பித்தன.

"போடிமெட்டுல இருந்து பாத்தா பொழுதடையிறப்ப நம்ம ஊரு இப்படித்தான இருக்கும்" என்றான்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "இத மட்டும் வச்சு முடிவு சொல்லக்கூடாதுண்ணே. ஆஸ்பத்திரில பாக்கணும். அதுவரைக்கும் மருந்துப் பக்கமே போகாதீங்க."

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. போடிமெட்டு தாண்டினால் கீழே ஊர் விளக்குகள் தெரியும். அங்கே நான் வேகத்தைக் குறைப்பதும், அவன் தன் தெருவைத் தேடுவதும் வழக்கம். அன்றைக்கு அவன் முகத்தைப் பாறைப்பக்கம் திருப்பிக்கொண்டான். நானும் குறைக்கவில்லை.

இறங்கும்போது கேட்டேன், "நாளைக்கு எடம் போடவா?"

"போடு. ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போ."

மறுநாள் அப்படியே செய்தேன். கதவைச் சாத்துவதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன் தாவி வந்து அவன் சீட்டில் உட்கார்ந்தான். இன்றிலிருந்து பம்பு அவனுக்காம்.