வாடை பிடிக்காத பாத்திரம்

கண்ணாடிக்காரம்மா என்றுதான் அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்துக்கு ஏற்ற மாதிரி வில்லைகளைத் தேய்த்துப் பொருத்துவது வேலை. முன்பக்கம் விற்பனைக்கு நிற்பவர்கள் வருவார்கள், போவார்கள். பின்னறையில் அவள் மட்டும் நிரந்தரம். வில்லையில் கீறல் விழுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும் முன்பே அவள் நகத்துக்குத் தெரிந்துவிடும்.

வருஷத்துக்கு ஒரு தடவை, சந்தையில் கறுப்புத் திராட்சை குவியும் சமயத்தில், வீட்டில் ஒயின் போடுவாள். குடிப்பதில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. அரை டம்ளர் உள்ளே போனாலே கன்னம் சிவந்து, சம்பந்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். திராட்சை நுரைத்துப் பொங்கும் நாட்களில் சமையலறை மூலையிலிருந்து ஒரு மணம் கிளம்பி வீடு முழுக்க உலாவுமே, அதற்காகத்தான் போடுகிறேன் என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டர், "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் வைத்திருந்தார்கள்: "கண்ணு போகலையே, காது போகலையே, வெறும் வாசனைதானே!" அவளும் கொஞ்ச நாளில் அதையே சொல்லப் பழகிக்கொண்டாள். யாராவது கேட்டால், கேட்டவர் முந்திக்கொள்வதற்குள் தானே, "வெறும் வாசனைதானே" என்று சிரித்துவிடுவாள்.

அந்த வருஷத் திராட்சை வரும் நேரத்தில் பழைய கண்ணாடி ஜாடியைக் கழுவ எடுத்தாள். என்ன ஞாபகத்தில் இருந்தாளோ, கொதிக்கிற தண்ணீரை அப்படியே உள்ளே ஊற்றிவிட்டாள். டப்பென்று ஒரு சத்தம். ஜாடி இரண்டாகப் பிளந்து தொட்டிக்குள் சாய்ந்தது. கண்ணாடியோடு பிழைப்பு நடத்துகிறவள் கையாலேயே அது நடந்ததில் அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். சாது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "இந்த வருஷம் விட்டுடேன். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

"எதுக்கு விடணும்?"

"இல்ல... எப்படியும் உனக்கு..." என்று இழுத்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி வாக்கியம் அவளைச் சுட்டது. மறுநாளே கடையிலிருந்து நேராகப் பழைய டிரம் விற்கும் இடத்துக்குப் போனாள். நீல டிரம், வெள்ளை டிரம், மூடி போன டிரம் என்று ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தான் வியாபாரி. சின்னதாக ஒரு வெள்ளை டிரம்மைத் தட்டிக் காட்டி, "சமையல் எண்ணெய் வந்ததும்மா. சுத்தமான சரக்கு. வேணும்னா மோந்து பாருங்க" என்றான்.

எனக்கு மோப்பம் கிடையாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. குனிந்து, டிரம்முக்குள் முகத்தை நீட்டி, மூச்சை இழுத்து, திருப்தியான மாதிரி தலையை ஆட்டினாள். உட்புறத்தை விரலால் தடவியபோது நகத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் தட்டுப்பட்டன. பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அழுக்கு உள்ளே போய்க் குடியிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனாலும் அவசரம். தன்னால் முடியும் என்று வீட்டில் காட்டியாக வேண்டிய அவசரம்.

சோடா மாவு போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தாள். வெயிலில் கவிழ்த்தாள். திராட்சையைப் பிசைந்து போட்டு, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, வாயில் துணி கட்டினாள். நுரை வந்தது. காதை வைத்தால் உள்ளே மொறுமொறுவென்ற சத்தம் கேட்டது. எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. வடிகட்டிக் கொஞ்ச காலம் வைத்திருந்து, ஒரு மாலை கணவருக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள்.

அவர் குடித்தார். கொஞ்சம் யோசித்தார். "நல்லாதான் இருக்கு" என்றார். அடுத்த வாரம் இன்னொரு டம்ளரும் குடித்தார்.

இந்த இடத்தில் மூத்தவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூத்தவள் என்றால் கணவருடைய அண்ணன் மனைவி, கண்ணாடிக்காரம்மாவுக்கு ஓரகத்தி. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. பெரிய மாவு மில்லில் மூட்டைகளைத் தரம் பிரிக்கும் வேலை. எந்த மூட்டை ஈரம் பட்டது, எதில் எலி புகுந்தது என்று பிரிக்காமலே சொல்லிவிடுவாள். குடும்பத்துப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் மூக்குப் பெரியம்மா. மூக்குக்குப் பட்டது அடுத்த நொடி வாய்க்கு வந்துவிடும், நடுவில் தணிக்கை எதுவும் கிடையாது. கண்ணாடிக்காரம்மா இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் நின்று, "ஈர வாடை அடிக்குதே, கூரை ஒழுகுமோ?" என்று கேட்டவள். கூரை ஒழுகத்தான் செய்தது. அதனால் கோபம் இன்னும் அதிகமானது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்பதற்கு மேல் பேச்சில்லை.

ஏதோ ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த மூத்தவளுக்கு, மரியாதைக்காக ஒரு டம்ளர் ஒயின் வைத்தாள் கண்ணாடிக்காரம்மா. மூத்தவள் டம்ளரை வாய் வரைக்கும் கொண்டுபோகவில்லை. பாதி வழியிலேயே கை நின்றுவிட்டது.

"ஏம்மா, சோப்புத் தண்ணிய எதுக்கு எனக்குக் குடுக்கிற?"

"சோப்பா?"

"துணி சோப்பு இல்ல. தரை துடைக்க ஊத்துவாங்களே, பூ வாசனை போட்டு, அது. நல்லாவே அடிக்குதே. யாரும் சொல்லலையா?"

கண்ணாடிக்காரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூத்தவள் போன பிறகு கேட்டாள்: "உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"லேசா..."

"லேசாவா? ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே!"

"நீ சந்தோஷமா இருந்த. அதைப் போய் எதுக்குக் கெடுக்கணும்னு..."

அவள் டிரம்மைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்தாள். இன்னொருத்தியாக இருந்தால் மூத்தவள்மேல்தான் கோபப்பட்டிருப்பாள். இவளுக்கு உறுத்தியது கணவரின் நல்ல மனசு. அழுக்கு டிரம்மை விற்றவன் அவளை ஏமாற்றினான், சரி. ஆனால் வீட்டுக்குள்ளேயே, பிரியத்தோடு, தன்னைச் சுற்றி ஒரு திரை போட்டுவிட்டார்களே என்று இருந்தது. இனிமேல் பால் திரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். நான் வியர்த்து நாறினாலும் சொல்ல மாட்டார்கள். இந்த உலகத்தில் எனக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரே ஒரு முகம்தான் வந்தது. அந்த முகம் அவளுக்குப் பிடிக்காத முகம்.

இரண்டு நாள் மனசோடு மல்லுக்கட்டிவிட்டு மூத்தவள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, பாத்திரம் வாங்கணும். உங்க மூக்கு வேணும்."

மூத்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மூக்கு மட்டும் தனியா வராது. வாயும் கூட வரும். பரவாயில்லையா?"

"அதுக்காகத்தான் கூப்பிடுறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். டிரம் கடையில் மூத்தவள் ஒவ்வொன்றாகத் திறந்து தலையை உள்ளே விட்டாள். "இது பெயிண்ட்... இது ஏதோ மருந்து... இதுல மீன் வெச்சிருந்திருக்கான், பாவி." வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. "ஏக்கா, டிரம் வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்றான். "உன் டிரம்முக்கெல்லாம் வைத்தியம் பாத்து மாளாதுப்பா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள் மூத்தவள். கண்ணாடிக்காரம்மாவுக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. ஓரகத்தியோடு சேர்ந்து சிரிப்பது அதுதான் முதல் தடவை.

அடுத்தது பந்திச் சாமான்கள் வாடகைக்கு விடும் கடை. அங்கே மூடியோடு ஒரு எவர்சில்வர் பால் கேன் இருந்தது, பார்வைக்குப் பளபளவென்று. உள்ளே ஒரு வாடையும் இல்லை என்றாள் மூத்தவள். மூடியில் இருந்த ரப்பர் வளையத்தைத்தான் முகர்ந்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். வளையத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். அதற்குள் கண்ணாடிக்காரம்மாவின் விரல் கேனின் அடியில், பற்றவைத்த இடத்தில் போய் நின்றிருந்தது. "பொரிப்பொரியா இருக்குக்கா. இதுக்குள்ள புளிப்பு போய் உக்காந்துக்கிட்டா எடுக்கவே முடியாது." மூத்தவளும் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு வழவழப்பாகத்தான் பட்டது. ஆனாலும், "நீ சொன்னா சரிதான்" என்று கேனைக் கீழே வைத்தாள்.

கடைசியில் கிடைத்தது ஒரு பழைய மருந்துக் கடையில். கடையை இடம் மாற்றுவதற்காகப் பரண் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார் மருந்துக்கடைக்காரர். அவற்றில் குறுகிய கழுத்தும் பெருத்த வயிறுமாக இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டியிருந்தது. மூத்தவள் கழுத்தில் மூக்கை வைத்து, "இருமல் மருந்து. தேன் போட்டது" என்றாள்.

"அந்தக் காலத்துல சிரப்பை மொத்தமா இதுல வாங்கி, சின்ன பாட்டில்ல ஊத்திக் குடுப்போம்" என்றார் அவர் ஆச்சரியத்தோடு. "காலியாகி எத்தனையோ வருஷமாச்சே!"

"அப்போ வேண்டாமாக்கா?" என்றாள் கண்ணாடிக்காரம்மா.

"நீ சொல்லு. கண்ணாடி உன் சமாச்சாரம்."

அவள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல் இல்லை, குமிழி இல்லை. கழுத்துக்குள் விட்ட விரல் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடிக்குள் எதுவும் ஊறாது, மேலே ஒட்டியிருப்பதைக் கழுவினால் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கணவரை வரச் சொல்லி, இரண்டையும் அவருடைய வேனில் ஏற்றிக்கொண்டார்கள். பொங்கும் நாட்களுக்கு வாய் அகலமான பாத்திரம்தான் வசதி, கரண்டி விட்டுக் கிளற வேண்டுமே. அதற்குப் புதிதாக ஒரு எவர்சில்வர் அண்டா.

கொல்லைப்புறக் குழாயடியில் குடுவைகளை அலசும்போது மூத்தவள் ஒவ்வொரு தண்ணீருக்கும் முகர்ந்து பார்த்தாள். "இன்னும் இருக்கு... இன்னும் இருக்கு... இப்போ ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டுச் சட்டென்று கேட்டாள்: "இப்படித்தான் இருக்குமா உனக்கு? எப்பவும் ஒண்ணுமில்லாம?"

கண்ணாடிக்காரம்மா வழக்கமான பதிலுக்காக வாயைத் திறந்தாள். வெறும் வாசனைதானே என்று சொல்ல வேண்டியதுதான். வாயில் வந்தது வேறு.

"மகள் குழந்தைய கையில குடுத்தாக்கா. தலையில முகத்தை வெச்சேன். பொம்மை மாதிரி இருந்துச்சு" என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. அடுப்பில் கேஸ் கசிகிறதோ என்று எத்தனை தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறாள், மழை ஜன்னலுக்கு வெளியே படத்தில் பெய்கிற மாதிரி பெய்கிறது, பெட்டியைத் திறந்து அம்மாவின் பழைய சால்வையை எடுத்தால் அது வெறும் துணியாக இருக்கிறது. கணவரிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னாள்.

மூத்தவள் அணைத்துக்கொள்ளவில்லை, கண்ணைத் துடைத்துவிடவில்லை. ஈரக் கையை முழங்காலில் ஊன்றியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெரிய நஷ்டம்தான்மா. எனக்குப் போயிருந்தா நான் பைத்தியமாயிருப்பேன்" என்றாள்.

காய்ச்சல் வந்ததிலிருந்து அதை நஷ்டம் என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவள்தான். கண்ணாடிக்காரம்மா குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதாள். மூத்தவள் குடுவையைக் கவிழ்த்துவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தாள்.

திராட்சை முடிகிற சமயம். கடைசிக் கூடைகள்தான் கிடைத்தன. அண்டாவில் பொங்கி அடங்கியதும் குடுவைகளுக்கு மாற்றினார்கள். தக்கையில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகி, மறுமுனையைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் விட்டார்கள். காற்று வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது. மூத்தவள் மில்லிலிருந்து வரும் வழியில் தினமும் எட்டிப் பார்த்தாள். ஒரு நாள், "அழுகின முட்டை" என்றாள். திறந்து, காற்றுப் படும்படி உயரத்திலிருந்து வேறு பாத்திரத்தில் கொட்டி, மறுபடி ஊற்றியதும் அந்த வாடை போயிற்று.

ஆனால் குடுவைகள் பெரிது, சரக்கு கொஞ்சம். ஒன்று கழுத்து வரை நிரம்பியது, இன்னொன்றில் பாதிதான் இருந்தது. மேலே அவ்வளவு காற்று நிற்கக் கூடாது என்று தெரிந்தும், சின்னது தேடக் கண்ணாடிக்காரம்மாவுக்கு அலுப்பு. திறந்த அன்று பாதிக் குடுவையிலிருந்து ஒரு டம்ளர் எடுத்ததுமே மூத்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"போச்சு. புளிச்சுக் காடியாயிடுச்சு, இனி வினிகர்தான்."

கண்ணாடிக்காரம்மா டம்ளரை வாங்கி, பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். திடுக்கிட்டு எடுத்தாள். மறுபடி கொண்டுபோனாள்.

"அக்கா, குத்துது!"

"என்னது?"

"மூக்குல. சுருக்குனு குத்துதுக்கா!"

வாசனை திரும்பவில்லை. காடியின் காரம் யார் மூக்கையும் கடிக்கும், அதற்கு மோப்பம் தேவையில்லை என்று பின்னால் டாக்டர் சொன்னார். அது தெரிந்த பிறகும் அவள் அந்தக் காடியைக் கொட்டவில்லை, சின்ன பாட்டில்களில் அடைத்து வைத்துக்கொண்டாள். மோப்பம் இன்றுவரைக்கும் வரவில்லை. எப்போதாவது, ஒரு நொடிக்கு, ஏதோ கருகுகிற மாதிரி ஒன்று தோன்றி மறையும், அவ்வளவுதான்.

நிரம்பிய குடுவையைத் திறந்ததும் காடி குத்திய அதே நாளில்தான். கண்ணாடிக்காரம்மாவுக்கு நாக்கில் புளிப்பும் லேசான இனிப்பும் ஒரு துவர்ப்பும் கிடைத்தன. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓரகத்தியின் முகத்தையே பார்த்தாள்.

மூத்தவள் முகர்ந்தாள். கண்ணை மூடி மறுபடி முகர்ந்தாள். கெட்ட வாடைக்கெல்லாம் ஆயிரம் வார்த்தை வைத்திருந்தவளுக்கு நல்லதைச் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"நல்லா இருக்கும்மா."

"அது போதாதுக்கா. எப்படி?"

"இரு, அவசரப்படுத்தாதே." இன்னொரு தடவை மூச்சை இழுத்தாள். "முதல்ல பழம். நாவல் பழம் மாதிரி கறுப்பா ஒரு வாசனை. அது போனதும்... மில்லுல புதுச் சாக்கு வந்து இறங்கும் பாரு, வெயில்ல காஞ்ச சாக்கு, அந்த மாதிரி கொஞ்சம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னவோ இருக்கு. பிடிபடல. இன்னும் கொஞ்சம் ஊத்து."