தொட்டிக்குள் ஒரு சுருதி

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவளைச் சத்தக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சண்டைக்காரி என்ற பொருளில் இல்லை. பிஸ்கட் விளம்பரத்தில் மொறுக்கென்று கேட்பதும், கார்ட்டூன் வாத்து தடுக்கி விழும்போது கேட்பதும் அவள் செய்த சத்தங்கள். அதனால் வந்த பெயர். இதில் வேடிக்கை என்னவென்றால், அவளைப் போலப் பயந்தவள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். லிஃப்டில் கால் வைக்கமாட்டாள். மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் மூச்சிரைக்க ஏறி வருவாள்.

அப்படிப்பட்டவளைத் தேடித்தான் அந்த வேலை வந்தது. நாலைந்து இளவட்டங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன வீடியோ கேம் கம்பெனி. உடைந்துபோன விண்கலத்தில் தன்னந்தனியாக மாட்டிக்கொண்ட ஒரு பெண் உயிர் பிழைக்க வேண்டும். காற்று குறைந்துகொண்டே வரும். அதுதான் விளையாட்டு. அதற்கு இசை அமைக்கச் சொன்னார்கள்.

வீட்டில் துணி தேய்க்க வைத்திருந்த சின்ன அறைதான் அவளுடைய ஸ்டூடியோ. திரையில் அந்தக் கலத்தின் இருட்டு நடைபாதைகளைப் பார்த்துப் பார்த்து இசை போட்டாள். கொஞ்ச நாளில் பாத்ரூமுக்குப் போகக்கூட வழியெல்லாம் விளக்குப் போட ஆரம்பித்தாள்.

"என்னம்மா இது, நீயே பண்ணிட்டு நீயே பயப்படுற?" என்று மகள் சிரித்தாள்.

ஆனால் கம்பெனியை நடத்தும் தம்பி கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது பேய் வீட்டு மியூசிக். திடீர்னு தடால்னு ஒரு அடி, வயலின் கீச்சுனு ஒரு இழுப்பு. அவ வானத்துல ஒத்தையா கெடக்குறாக்கா. அது வரல."

அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆனாலும் அவன் சொன்னது சரிதான் என்று உள்ளுக்குள் தெரிந்தது. கம்ப்யூட்டரில் கிடைக்கும் எதிரொலியெல்லாம் பொய்யாக இருந்தது. உண்மையான இரும்புக்குள் போய்ச் சத்தம் பிடித்து வரலாம் என்று, தெரிந்தவர் மூலமாக டேங்கர் லாரிக்குத் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றில் அனுமதி வாங்கினாள்.

பட்டறை ஊருக்கு வெளியே இருந்தது. வெல்டிங் முடிந்த புதுத் தொட்டி ஒன்று படுத்த வாக்கில் தாங்கிகள் மேல் கிடந்தது. உள்ளே ஆள் நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினாலும் கூரை தட்டாது. மேலே வட்டமாக ஒரு வாய், அதற்கு ஒரு கனத்த மூடி. அதைப் பார்த்ததுமே அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

"சாப்பாட்டு நேரம் வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. தைரியமா போங்கம்மா" என்றார் மேஸ்திரி. செல்போன் பக்கத்தில் இருந்தால் பதிவில் கரகரக்கும் என்பதால் அதை அவரிடமே கொடுத்துவிட்டு, ரெக்கார்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

ஆரம்பத்தில் மேலே தெரிந்த வெளிச்ச வட்டத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பிறகு வேலை அவளை இழுத்துக்கொண்டது. கைதட்டினாள், சுவரை விரலால் சுண்டினாள், வாயை மூடி முனகிப் பார்த்தாள். ஒரு குறிப்பிட்ட தாழ்ந்த சுருதியைத் தொட்டபோது மட்டும் தொட்டி மொத்தமும் கூடச் சேர்ந்து அதிர்ந்தது. அட, இதுதான்! ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொட்டியின் கடைக்கோடிக்குப் போய், டார்ச்சை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு சுருதியிலேயே லயித்துவிட்டாள்.

கண்ணைத் திறந்தபோதும் இருட்டாகவே இருந்தது.

நடந்தது இதுதான். மேஸ்திரியை ஆபீஸில் கூப்பிட்டார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். தண்ணீர் நிரப்பி ஒழுகல் பார்க்கிற ஆள் வந்தான். யாரோ மறந்துவிட்டார்கள் என்று ஏணியை வெளியே இழுத்துப் போட்டான். மூடியை வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டு, குழாயை மாட்டி மோட்டாரைப் போட்டான்.

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ஏணி இல்லை. மூடி கைக்கு எட்டவில்லை. "அண்ணே! உள்ள ஆள் இருக்கு! அண்ணே!" என்று கத்தினாள். கத்தலெல்லாம் திரும்பி வந்து அவள் முகத்திலேயே அறைந்தது. அப்போதுதான் பாதத்தில் சில்லென்று பட்டது. தண்ணீர்.

செருப்பைக் கழற்றிச் சுவரில் அடித்தாள். டார்ச்சால் அடித்தாள். பல்பு உடைந்து அந்த வெளிச்சமும் போயிற்று. அந்தப் பட்டறையில் தட்டுகிற சத்தத்துக்கா பஞ்சம்? நாலு பக்கமும் சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடித்ததையும் அதில் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அடிப்பாள், நிறுத்துவாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஏதாவது பதில் வருகிறதா என்று காதைத் தீட்டுவாள். மோட்டார் உறுமுவது மட்டும் கேட்கும். திரும்ப அடிப்பாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மகளுக்கு மத்தியானச் சாப்பாடு டப்பாவில் போட்டோமா இல்லையா என்று சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு வந்தது. போட்டது ஞாபகம் வரவேயில்லை. அதற்காக ஓவென்று அழுதாள்.

தொண்டை கட்டிப்போய்க் கத்த முடியாமல் ஆனபோது, சுவரில் சாய்ந்து முனக ஆரம்பித்தாள். அழுகைதான் அப்படி வந்தது. தற்செயலாக அந்தச் சுருதி தட்டுப்பட்டது. இரும்பு அதிர்ந்தது முதுகெலும்புவரை தெரிந்தது.

விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டாள். ஆனால் தண்ணீர் ஏற ஏற உள்ளே இடம் குறைந்தது; குறையக் குறைய அந்தச் சுருதி மேலே நழுவிக்கொண்டே போயிற்று. இருட்டில் தடவித் தேடுகிற மாதிரி குரலால் அதைத் தேடினாள். கிடைத்ததும் மூச்சு உள்ளவரை இழுத்தாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. ரெக்கார்டரை எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

வெளியே ஒரு வயதான வெல்டர் தொட்டியில் முதுகைச் சாய்த்து டீ குடித்துக்கொண்டிருந்தார். காது கொஞ்சம் மந்தம். அவருக்கு எதுவும் கேட்கவில்லை, முதுகுதான் குறுகுறுத்தது. மோட்டார் அதிர்வு என்று முதலில் சும்மா இருந்தார். அது நின்று நின்று வரவும், டீயைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியில் கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"டேய், மோட்டாரை நிறுத்துறா! உள்ள யாரோ இருக்காங்கடா!"

மூடி திறந்ததும் வெளிச்சம் விழுந்ததும் அவளுக்குக் கனவு போலத்தான் இருந்தது. ஏணியைப் பிடிக்கக் கை வரவில்லை. வெல்டர் தாமே இறங்கி, நெஞ்சளவு தண்ணீரில் நின்று, அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்துவிட்டார். "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. ஏறுங்க." மேலே மேஸ்திரி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்டக்கூட அவளிடம் தெம்பில்லை.

அதன் பிறகு வெகுநாள் வீட்டில் குழாயைத் திறந்தால் அவளுக்குத் தூக்கிவாரிப்போடும். ஒருவர் குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தம் அவளுக்குக் கேட்காதபடி இன்னொருவர் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று கணவரும் மகளும் அவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கேம் கம்பெனித் தம்பி வந்து, "வேலையை விட்டுடுங்கக்கா, உடம்பைப் பாருங்க" என்றான். போகும்போது தயங்கித் தயங்கி, "அந்த ரெக்கார்டிங்..." என்று இழுத்தான்.

"அது மியூசிக் இல்ல தம்பி. நான் உசிருக்குக் கெஞ்சினது. தரமாட்டேன்."

ஆனால் ஒரு மத்தியானம், கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதைக் கேட்டாள். கத்தல் வரும்போது அவர் அவள் கையை இறுக்கிக்கொண்டார். அவளை உலுக்கியது கத்தல் இல்லை. ஒவ்வொரு கத்தலுக்கும் பிறகு ஒரு இடைவெளி. மூச்சுக்கூட விடாமல் யாராவது பதில் சொல்வார்களா என்று காத்திருந்த இடம் அது. ஈரக்குலையை நடுங்கவைத்தது அதுதான்.

"அழிச்சிடும்மா" என்றார் கணவர். அழித்துவிட்டாள்.

பிறகு உட்கார்ந்து புதிதாகப் பாடினாள். அடியும் இல்லை, வயலினும் இல்லை. ஒரே ஒரு குரல், தாழ்ந்த சுருதியில். நின்றுவிடும். வெகுநேரம் ஒன்றும் வராது. பிறகு கொஞ்சம் மேலே ஏறி மறுபடி. காற்று குறையக் குறைய இன்னும் மேலே. தம்பி அதைக் கேட்கும்போது பாதியில் எழுந்துபோய் அறைக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

விளையாட்டு வெளிவந்தது. ஓரளவு ஓடியது. சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆட முடிகிறது என்று பலர் எழுதினார்கள். தம்பிக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். வெல்டர் வீட்டுக்கு ஒரு பிரதியோடு போனாள். அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அட்டைப்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துக்கொண்டார்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட உட்கார்ந்தாள். "கூட இரும்மா." இருந்தாள். முதல் முறை குரல் நின்றபோதே அம்மாவுக்கு மூச்சு நின்றது. எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். சுவர் வழியாகவும் கேட்டது.

கடைசியில் கதவு திறந்து மகள் தலையை நீட்டினாள்.

"உள்ள வாம்மா. தப்பிச்சாச்சு."

"நெஜமாத்தானா?"

"நெஜமாத்தான். வா."