அளக்காத புஷ்ராடு

என் பெரியப்பாவைத் தங்கமான மனிதர் என்று நல்லூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா பல வருடம் அவருடைய பனியன் கம்பெனியில் இருந்தார். பெயருக்குத்தான் முதலாளியின் தம்பி. எந்த மெஷின் நின்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவார். அம்மா பிடித்த பிடியில்தான் ஒருவழியாக வெளியே வந்து, வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இரண்டு நிட்டிங் மெஷின் இறக்கினார். எக்ஸ்போர்ட்காரர் ஒருவர் முதல் ஆர்டரும் கொடுத்துவிட்டார். சொன்ன நாளில் துணி வந்தால் தொடர்ந்து தருவதாகப் பேச்சு. ஆனால் கரண்டு வந்த நேரத்தைவிடப் போன நேரம் அதிகமாக இருந்த காலம் அது. ஜெனரேட்டர் ஓடினால்தான் மெஷின் ஓடும். ஓடாவிட்டால் அப்பா பழையபடி பெரியப்பாவிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

ஜெனரேட்டருக்குக் கிடைத்தது ஒரு பழைய டீசல் என்ஜின். அப்பாவே அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்பக் கட்டினார். சூட்டில் கோணிப் போயிருந்த ஹெட்டை, அதாவது என்ஜினின் மேல்மூடியை, லேத்தில் கொடுத்து மட்டமாகச் சீவி வாங்கினார். சீவியதில் ஹெட் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. அப்படியானால் வால்வைத் தள்ளித் திறக்கிற புஷ்ராடும் அதற்கேற்பக் குட்டையாக வேண்டும். கூரையை இறக்கிவிட்டுப் பழைய தூணையே நிறுத்த முடியாதல்லவா, அதே கதைதான். எவ்வளவு குட்டை என்று பார்க்க, அப்பா வேறோர் உதிரி ராடை நடுவில் அறுத்து, போல்ட்டும் நட்டும் வைத்து, நீட்டிக் குறைக்கிற மாதிரி ஓர் அளவு ராடு செய்திருந்தார். அதை உள்ளே நிறுத்தி, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றி, வால்வு முழுதாக மூடுகிற இடத்தில் அளவெடுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அந்த வேலையில் அவர் உட்கார்ந்தபோது பெரியப்பா காரில் வந்து இறங்கினார். எங்கள் குடும்பத்தில் எந்த மெஷினையும் மூத்தவர் கையால்தான் முதலில் ஓட்டிவைக்க வேண்டும். பத்தரைக்கு ராகு காலம். பெரியப்பா வந்ததே பத்து மணிக்கு.

"அண்ணா, ராடு அளவு மட்டும் பாத்துக்கறனுங்க. அரை மணி நேரந்தான்" என்றார் அப்பா.

"ராகு காலம் பொறந்த பொறகா ஓட்டுவ? பழைய ராடையே போட்டு முடுக்குடா. அளக்கறதெல்லாம் நாளைக்கு அளந்துக்கலாம்."

"அவரு அளந்துக்கட்டுங்க மாமா" என்று அம்மா வாசலில் நின்றபடி சொன்னாள். பெரியப்பா காதில் விழாதவர் போலச் சூடத்தைப் பற்றவைத்தார். எங்களிடம் அத்தனை கத்துகிற அப்பா, அண்ணன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு அளவு ராடைக் கீழே வைத்தார். பழைய ராடையே போட்டுப் பூட்டினார்.

பெரியப்பா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சாவியைத் திருகினார். என்ஜின் ஒரே ஒரு முறை உறுமியது. உள்ளே டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், மூடாமல் நின்ற வால்வில் பிஸ்டன் போய் இடித்து உடைந்திருந்தது. ராடு வில்லாக வளைந்து கிடந்தது. இனி ஆர்டருக்குச் சொன்ன நாளுக்குள் அதைச் சரிசெய்ய முடியாது என்று அப்பாவின் முகமே சொன்னது.

பெரியப்பா கோபப்படவே இல்லை. அப்பாவின் தோளில் கையைப் போட்டு, "போச்சாது உடு. திங்கக்கெழமை நம்ம கம்பெனிக்கே வந்துரு" என்றார். என்னைப் பக்கத்தில் இழுத்துத் தலையைத் தடவி, "உங்கப்பனுக்கு நானிருக்கறன் கண்ணு" என்றார்.

எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் அப்பாவும் முதலாளி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு என்ஜினை ஓடவைக்கத் துப்பில்லை, இவரெல்லாம் என்ன மெக்கானிக் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பெரியப்பா மட்டும் இல்லையென்றால் நாங்கள் தெருவில்தான் நிற்க வேண்டும் என்று நம்பினேன். அவர் கார் கிளம்பியபோது தெருமுனை வரை கூடவே ஓடி டாட்டா காட்டினேன்.

திரும்பி வந்தபோது சமையலறையில் பாத்திரங்கள் நங்கு நங்கென்று விழுந்துகொண்டிருந்தன. அம்மா முகமெல்லாம் சிவக்க அப்பாவைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்க, தோட்டத்து ஆயில் இஞ்சின வருசா வருசம் தன் கையாலயே கழட்டிப் பூட்டுனவருங்க உங்கண்ணன். ராடு நீளமா இருந்தா என்னாகும்னு அவருக்கா தெரியாது?"

"மெல்லப் பேசு, புள்ள கேக்குது" என்றார் அப்பா.

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பெரியப்பாவின் கெட்டிக்காரத்தனத்தை அம்மா புகழ்கிறாள் என்று நினைத்தேன்.