ஆயாவுக்கு மூன்று கொட்டேஷன்

நான் ரொம்ப நேர்மையானவன் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. சுமார் ஆறு மாதம் நீடித்தது. அந்த ஆறு மாதத்தில் ஒரு பெண்மணியின் வேலைக்குக் கிட்டத்தட்ட உலை வைத்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிள்ளான் பக்கம் ஒரு நகராண்மைக் கழகம். எது என்று சொல்லப்போவதில்லை, எனக்கு இன்னும் பென்ஷன் வருகிறது. அதன் சமூகநலப் பிரிவுக்கு நிதித் தலைவராக என்னைப் போட்டார்கள். அதற்கு முன்பு கோலாலம்பூரில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் மற்றவர்கள் செய்த தப்புகளைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அது எவ்வளவு சுலபமான வேலை என்பது, தப்புகளை நானே செய்ய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

நிதித் தலைவர் என்றதும் பெரிய அறை, சுழல் நாற்காலி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். மாடியில் ஒரு மேசை, தலைக்கு மேல் ஒரு காற்றாடி. காற்றாடியைப் போட்டால் காகிதமெல்லாம் பறக்கும் என்பதால் அதைப் போடுவதில்லை. எதிரே பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். யாழ்ப்பாணத்து வம்சம், பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தினமும் என் காரில்தான் கிள்ளானுக்கு வருவார். மற்றவர்கள் முன்னால் என்னை ‘சார்’ என்பார். தனியாக இருந்தால் ‘தம்பி’. தம்பி என்று ஆரம்பித்தால் ஏதோ குறை சொல்லப் போகிறார் என்று பொருள்.

எங்கள் பிரிவின் கீழ் மலிவு வீடுகளுக்கு நடுவில் ஒரு பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இருந்தது. கான்கிரீட் கட்டடம், வாசலில் மலாயில் பெயர்ப்பலகை, எல்லாம் உண்டு. ஆனால் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து ஃபேக்டரிகளில் வேலை பார்த்த அம்மாக்களுக்கு அது, தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுப் போகும் அதே ஆயாக்கொட்டாய்தான். காலையில் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவார்கள், சாயங்காலம் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். பதினோரு வருடமாக நாள் கூலி. வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. இந்த நாட்டில் பொது விடுமுறை அதிகம் என்பது எல்லோருக்கும் சந்தோஷமான விஷயம், அந்த அம்மாவைத் தவிர.

இதைச் சரிசெய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். அடுத்த வருட பட்ஜெட் தாளில் அவருக்கு நிரந்தர வேலை என்று புதிதாக ஒரு வரி எழுதினேன். நிரந்தரமாகிவிட்டால் நாள் கூலிக்கு எதற்குத் தனி வரி? ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் காசு கேட்பதா? நாள் கூலி என்றிருந்த வரியை அடித்தேன். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து.

காரில் வரும்போது பெரிய கிராணி ஆரம்பித்தார்.

“தம்பி, இப்பிடி எழுதக் கூடாது.”

“எப்படி?”

“உள்ளதை உள்ளபடி. ஒண்டு வேணுமெண்டால் ரெண்டு கேக்க வேணும். அவங்கள் வெட்டத்தான் போறாங்கள். வெட்டுறதுக்கு ஏதாவது விட வேணாமே?”

“அதுக்குப் பேரு பொய்ங்க.”

“பொய்யில்லைத் தம்பி. பட்ஜெட்.”

நான் சிரித்துவிட்டு, கணக்காய்வாளனுக்கே உரிய தோரணையில் கியரை மாற்றினேன். வண்டி நின்றுவிட்டது.

நவம்பர் கடைசியில் கருவூலத்திலிருந்து பதில் வந்தது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே அளவு வெட்டு. புதிய பதவிகள் அத்தனையும் ரத்து. மற்ற பிரிவுகள் ஒன்றுக்கு ஒன்றரை கேட்டிருந்ததால், வெட்டிய பிறகு அவர்களுக்கு வேண்டியது அப்படியே கையில் நின்றது. எனக்குக் கை கால் போன மாதிரி ஒரு பட்ஜெட் கிடைத்தது. அந்த அம்மாவின் நிரந்தர வேலையை அவர்கள் வெட்டிவிட்டார்கள். நாள் கூலியை ஏற்கெனவே நான் வெட்டியிருந்தேன். ஜனவரி முதல் தேதியிலிருந்து எங்கள் கணக்கில் அப்படி ஒரு ஆளே கிடையாது.

கருவூலத்துக்கு ஓடினேன். அங்கே இருந்த மலாய் அதிகாரி நல்ல மனிதர், எனக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். பேசியது மலாயில், எஞ்சே என்றால் ஐயா.

“சரி, நீங்க எவ்வளவு கூட்டிப் போட்டீங்க?”

“கூட்டவே இல்லை எஞ்சே. தேவைப்பட்டதை மட்டும்தான் கேட்டேன்.”

அவர் கோப்பியைக் கீழே வைத்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, “இங்க வா, இவரைப் பாரு” என்றார். அவரும் வந்து பார்த்தார். இரண்டு பேரும் என்மீது உண்மையாகவே பரிதாபப்பட்டார்கள். “அடுத்த வருஷம் நடுவுல மறுபடியும் கணக்கைத் திறப்போம், அப்பப் பார்க்கலாம் லா” என்றார்கள். ஜனவரியிலிருந்து ஜூன் வரை அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். அது கருவூலத்தின் வேலை இல்லையாம்.

திரும்பி வந்து பட்ஜெட்டை வரி வரியாகத் தடவினேன். ஒரே ஒரு இடத்தில் மிச்சம் இருந்தது. புல் வெட்டுவது, திரைச்சீலை தைப்பது மாதிரியான சில்லறைச் சேவைகளுக்குக் காசு ஒதுக்கிய வரி. அதை மட்டும் பெரிய கிராணி என்னைக் கேட்காமல், பழைய வழக்கப்படி கூட்டிப் போட்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. இருபது வருட அனுபவமுள்ள கணக்காய்வாளன்.

ஆனால் அந்தக் காசைச் சம்பளமாகக் கொடுக்க முடியாது. சேவையாகத்தான் வாங்கலாம். சேவை வாங்குவதென்றால் மூன்று கொட்டேஷன் வேண்டும், மூன்றில் குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆக, பதினோரு வருடமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு அந்த அம்மா விலை எழுதிப் போட்டு, போட்டியில் ஜெயிக்க வேண்டும். அப்போது எனக்கு இது பிரமாதமான யோசனையாகப் பட்டது.

விலை எழுதும் படிவங்களை, எங்கள் பேச்சில் பாரங்களை, அனுப்பினோம். ஒன்று அந்த அம்மாவுக்கு, ஒன்று வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சீன ஆன்டிக்கு, ஒன்று அலுவலகம் கூட்டித் துடைக்கும் குத்தகைக்காரர் ஒருவருக்கு. குத்தகைக்காரருக்குப் பிள்ளை வளர்ப்பும் தரை துடைப்பதும் ஒன்றுதான், பினாயில் மட்டும்தான் வித்தியாசம்.

கொட்டேஷன் உறைகள் விழுந்த பெட்டியைத் திறந்தோம். ஆன்டியின் விலை மிக அதிகம், குத்தகைக்காரர் நடுவில். அந்த அம்மா எழுதியிருந்தது, அதுவரை அவர் வாங்கிக்கொண்டிருந்த கூலியைவிட மாதத்துக்கு முப்பது வெள்ளி குறைவு.

ஒருவருக்குச் சம்பளம் உயர்த்தக் கிளம்பி, அவர் சம்பளத்தைக் குறைத்து நானே கையெழுத்துப் போட வேண்டும். விலையை ஏற்றிப் போடுங்கள் என்று நான் சொன்னால் குற்றம். மூன்று பாரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றிலும் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டவில்லை. அப்பாடா! மூன்றையும் தள்ளுபடி செய்து, மறுபடியும் போடச் சொல்லிக் கடிதம் அனுப்பினேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஸ்டாம்பை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஒரு வாரத்தில் மறுபடியும் பெட்டி. இந்த முறை மூன்றிலும் ஸ்டாம்பு இருந்தது. போட்டி என்று மோப்பம் பிடித்த குத்தகைக்காரர் விலையை இறக்கியிருந்தார். அந்த அம்மா இன்னும் இருபது வெள்ளி இறக்கியிருந்தார்.

பெரிய கிராணி பாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இன்னும் ரெண்டு தரம் திருப்பி அனுப்பும் தம்பி. அவ எங்களுக்குக் காசு தருவா.”

மூன்று பாரத்திலும் தேதி எழுதியிருக்கவில்லை. அதைச் சாக்காக வைத்து இரண்டாம் முறையும் மூன்றையும் தள்ளுபடி. கடிதம் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானமே மழையில் ஆயாக்கொட்டாய்க்குப் போனேன்.

அந்த அம்மா ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப்போனார்.

“உக்காருங்கம்மா. எதுக்கு விலையக் கொறச்சீங்க?”

“நீங்கதான சார் வேணாம்னு திருப்பி அனுப்புனீங்க. கூடப்போச்சு போலன்னு மக சொல்லுச்சு. சரின்னு கொறச்சேன்.”

“ஸ்டாம்பு இல்லன்னுல்ல அனுப்புனோம்!”

“ஸ்டாம்பு இருவது காசு கூட இல்ல சார். அதுக்குப் போயி யாராச்சும் திருப்பி அனுப்புவாங்களா?”

இடுப்பிலிருந்த பிள்ளை என் டையைப் பிடித்து வாயில் வைத்தது.

“இப்ப மறுபடி திருப்பிட்டீங்களாமே. இன்னும் எவ்வளவு சார் கொறைக்கணும்? சொல்லிருங்க, எழுதிருறேன். இந்த வயசுல எனக்கு ஃபேக்டரியில யாரு வேல குடுப்பா?”

அவர் கெஞ்சவில்லை. சோற்றுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

“விலை நான் சொல்லக் கூடாதும்மா. சட்டம். ஆனா உங்களுக்கு என்ன செலவுன்னு நான் கேக்கலாம். எப்படி வர்றீங்க?”

“பஸ்ஸுலதான்.”

“அதைச் சேர்த்தீங்களா?”

“அது என் செலவு சார்.”

“இல்லம்மா, இப்ப நீங்க குத்தகைக்காரர். அது குத்தகைச் செலவு. பிள்ளைங்களைக் குளிப்பாட்ட சவுக்காரம்?”

“ஆபீஸ்ல குடுக்குறது பத்து நாளைக்கு வரும். மிச்சம் நான் வாங்கிருவேன்.”

“பிஸ்கட்?”

“ரெண்டு மூணு அம்மாமாருங்களுக்கு ஓவர்டைம். வர ஏழு மணி ஆயிரும். பசியில கத்துமில்ல?”

நிலையம் ஐந்து மணிக்கு மூடுவதாக எங்கள் கோப்பில் இருந்தது. பதினோரு வருடமாக நாங்கள் கையெழுத்துப் போட்டுவந்த கோப்பு. “எல்லாத்தையும் எழுதுங்கம்மா, ஏழு மணி வரைக்கும் எழுதுங்க” என்றேன். எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது. ஊட்டிக்கொண்டிருந்த பிள்ளை அழ ஆரம்பித்தது. “சார் ஒன்னைய ஏசலடா, சும்மா பேசுறாரு” என்று அதைச் சமாதானப்படுத்தினார். பிறகு மெதுவாக, “அவ்வளவும் போட்டா கூடிருமே சார்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். கூடினால் குத்தகைக்காரருக்குப் போய்விடும். அந்த மனிதர் மூன்றாவது முறை எவ்வளவு இறக்குவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது. காரில் ஏறி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கொட்டேஷன் முறையைக் கண்டுபிடித்தவனை மூன்று பாஷையில் திட்டினேன்.

மூன்றாவது தடவை பெட்டியைத் திறந்த அன்று டிசம்பர் முடிய நான்கு நாள். ஸ்டாம்பு, தேதி, கையெழுத்து, மூன்று பாரத்திலும் எல்லாம் கச்சிதம். இனித் திருப்பி அனுப்ப ஒரு சாக்கும் இல்லை. ஆன்டி அதே விலை. குத்தகைக்காரர் மறுபடியும் இறக்கியிருந்தார். பெரிய கிராணி கடைசி உறையைக் கிழித்தார். மகளின் கையெழுத்தில் பஸ், சவுக்காரம், பிஸ்கட், ஏழு மணி வரை என்று தனித்தனி வரி. மொத்தம், பழைய கூலியைவிட நாற்பது வெள்ளி கூட. குத்தகைக்காரரைவிட எட்டு வெள்ளி குறைவு.

பெரிய கிராணி மூன்று தடவை கூட்டிப் பார்த்தார். நான் நான்காவது தடவை கூட்டினேன்.

கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மலாயில் அடித்திருந்ததை அந்த அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “பெர்மனன்டா சார்?” என்றார்.

“இல்லம்மா. குத்தகைதான். லீவு கெடையாது, சேமநிதி கெடையாது. ஒரு வருஷத்துக்கு மட்டும்.”

“ஒரு வருஷமா?”

“ஆமா. ஜனவரியிலேர்ந்து டிசம்பர் வரைக்கும்.”

எந்த இடத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

“பதினோரு வருஷமா, நாளைக்கி வான்னுதான் சார் சொல்லிருக்காங்க” என்றார்.

கடிதத்தை மடித்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். என்னால் அங்கே ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. புல் வெட்டுகிற கணக்கில் வேலை கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், அந்த அம்மா எனக்கு மைலோ கலக்கப் போய்விட்டார்.