அப்பா வாசித்த கல்

என் அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதிரில் நிற்பவர் கேள்வியை முடிப்பதற்குள் 'ஓம், ஏலும்' என்று சொல்லிவிடுவார். கனடாவுக்கு வந்த புதிதில் அவரும் நானும் பிழைத்ததே அந்த ஓமினால்தான் என்பதையும் சொல்லவேண்டும். களஞ்சியத்தில் சாமான் தூக்கும் வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார்கள், ஓம் என்றார். மூன்றாம் நாள் ஒரு சுவரோடு மோதிவிட்டு வீட்டுக்கு வந்தார். மரக்கறி வெட்டத் தெரியுமா, ஓம். அம்மா இருந்தவரை ஒரு வெங்காயம் உரித்தறியாத மனிதர், இரண்டு கிழமை விரல் முழுக்கப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திரிந்தார். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த ஓம் எங்களை நாற்பது பேருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது. அப்பாவும் நானும் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியின் ஒற்றை அறையில் இருந்தோம். அம்மாவும் தம்பியும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில். நாங்கள் புறப்பட்டபோது தம்பி கைக்குழந்தை. இரண்டு பேருக்குத்தான் இப்போது வழி என்று ஏஜென்சிக்காரன் சொல்லிவிட்டான். மற்ற இரண்டு பேரும் ஆறு மாதத்தில் வருவார்கள் என்றான். ஆறு மாதம் இரண்டு வருடமாகி, தம்பி அங்கே நடக்கவும் பேசவும் பழகிவிட்டான். லொட்ஜில் அடிக்கடி பொலிஸ் வந்து தட்டும். தட்டிவிட்டுப் போன பிறகு அம்மா ரெலிபோன் எடுப்பாள். அப்பா கதைத்து முடித்து ரிசீவரை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அவர்களைக் கூப்பிடுவதற்கு எங்கள் லோயர் ஒரு கடிதம் கேட்டார். இந்த மனிதர் எங்களிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார், நல்லவர், குடும்பத்தைத் தாங்குவார் என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம். மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் வந்தாகவேண்டும், பிந்தினால் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

முதலாளி யூனியன்வில்லில் சீனச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். பெரிய உடம்பு, சின்னப் பேச்சு. அவருடைய ஆங்கிலமும் அப்பாவின் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே உயரம். அதனால் முக்கியமான விஷயம் என்றால் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவார். கடிதம் பற்றி நான் மூன்று தரம் கேட்டுவிட்டேன். மூன்று தரமும் அவர் அடுத்த கிழமை என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் ஒரு தாளில் பெயர் எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவதென்றால் யாருக்குத்தான் யோசனை வராது?

அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய ஊர்ச் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. முதலாளியின் பூர்வீகம் சீனத்தில் ஒரு பழைய துறைமுகப் பட்டினம். பெயரைச் சொல்லலாம், ஆனால் நான் சொன்னால் அந்த ஊர்க்காரர் ஒருவருக்கும் விளங்காது. ஒருகாலத்தில் உலகத்துக் கப்பலெல்லாம் வந்து போன இடமாம். அந்த ஊர் வரலாற்று அருங்காட்சியகம் படங்களையும் கல்வெட்டு மைப்படிகளையும் றொறன்ரோவுக்கு அனுப்பியிருந்தது. மைப்படி என்றால், கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி, மையைத் தட்டி, எழுத்தை அப்படியே எடுக்கிற படி. முதலாளி அதன் விளம்பரத் தாளைக் கடைக் குசினிக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அதில் ஒரு கல்லின் சின்னப் படம். இது உங்கள் எழுத்து என்கிறார்கள், உன்னால் வாசிக்க முடியு...

ஓம், ஏலும் என்றார் அப்பா.

முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துப் பெரியவர்கள் எல்லாரும் வருவார்கள், என் கடையில் வேலை செய்கிறவரே வாசிப்பார் என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன், அது முடியட்டும், திங்கட்கிழமை உன் கடிதத்தைப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்குப் பறந்து வந்தார். கடிதம் கையில் வந்துவிட்ட மாதிரியே அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லியும் விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதலில் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு தாளைத் துடைத்தார். தமிழ் என்று சொன்னால் தமிழ்தான், ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஓர் எழுத்து அதில் முழுசாக இல்லை. கொக்கியும் வளையமும் கோடுமாக ஏதோ ஓடியது. ஓர் இடத்தில் 'ர' மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். அது கல்லில் விழுந்த வெடிப்பு என்று நான் சொன்னேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ரெக்ஸ்டேலில் இருந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவருக்கு ரெலிபோன் எடுத்தார். உது பழைய எழுத்து, அதற்கென்று தனியாக வருடக்கணக்கில் படிக்கவேண்டும், தனக்கே ஏலாது என்று அவர் சொல்லிவிட்டார். அப்பா நன்றி சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். நான் சொன்னேன், முதலாளியிடம் உண்மையைச் சொல்லுவோம் என்று. அப்பா என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது.

“கொம்மாவுக்குச் சொல்லிப்போட்டன், பிள்ளை.”

மண்டபம் ஸ்காபரோவிலேயே ஒரு சீனக் கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்தது. அப்பா தன்னிடமிருந்த ஒரேயொரு கோட்டைப் போட்டிருந்தார். என் தலையை அவரே இழுத்துப் பின்னிவிட்டதில் எனக்குப் புருவம் இரண்டும் மேலே போயிருந்தன. உள்ளே நாற்பது பேர்வரை. பீங்கான் கோப்பைகளின் படம், கப்பல் நங்கூரத்தின் படம், அந்த அருங்காட்சியகத்து முற்றத்தில் வரிசையாக நட்டிருந்த கல்லுகளின் படம். அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தார். திடீரென்று ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒரு பசு சிவலிங்கத்துக்குப் பால் சொரிகிற சிற்பம். அவர் செருப்பைக் கழற்றப்போய், சப்பாத்து என்று கண்டு நிறுத்தினார்.

“எங்கட ஆக்கள் அங்கயும் போயிருக்கினம்,” என்றார்.

கல்லின் மைப்படி மேடையில் தொங்கியது. என்னைவிட அகலம். கறுப்புத் தாளில் வெள்ளையாக ஐந்தாறு வரி, கடைசி வரி கொஞ்சம் தேய்ந்து மங்கல். அதற்குப் பக்கத்தில் ஊர் அருங்காட்சியகத்திலிருந்து வந்த மெலிந்த பெரியவர், மடியில் ஒரு கோப்போடு இருந்தார். முதலாளி ஒலிவாங்கியைப் பிடித்துச் சீனத்தில் ஏதோ சொன்னார். எல்லாரும் திரும்பி அப்பாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு கிழவி எழும்பி நின்றே தட்டினாள். அப்பா தமிழில் வாசிக்க, நான் ஆங்கிலத்தில் சொல்ல, முதலாளி சீனத்தில் சொல்வது என்று ஏற்பாடு.

“நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு,” என்று அப்பா குனிந்து சொன்னார். “கூட்டாதை, குறையாதை.”

பிறகு முதல் வரியில் விரலை வைத்தார்.

“சிவமயம்,” என்றார்.

எங்கள் ஊரில் யார் கடிதம் எழுதினாலும் தாளின் தலையில் முதலில் சிவமயம் என்று போட்டுவிட்டுத்தான் விஷயத்தைத் தொடங்குவார்கள். அப்பாவும் ஞாயிற்றுக்கிழமைதோறும் நீல ஆகாயத் தபாலில் அப்படித்தான் தொடங்குவார். விரல் நகர்ந்தது. நான் இங்கு நலம், உங்கள் நலத்துக்கு இறைவனை வேண்டுகிறேன் என்று வாசித்தார். என்ன நடக்கிறதென்று எனக்கு விளங்கிவிட்டது. இந்த மனிதர் அம்மாவுக்கு எழுதுகிற கடிதத்தைக் கல்லில் வாசிக்கிறார்!

நான் மொழிபெயர்த்தேன். வேறென்ன செய்ய? நான் கடல் தாண்டி வந்தவன், என்று வாசித்துக்கொண்டு போனார் அப்பா. இந்த ஊர்ச் சனம் என்னை விரட்டவில்லை. வேலை தந்தார்கள், சோறு தந்தார்கள். குளிர்தான் கொஞ்சம் கூட. (இந்தக் குளிரை நான் விட்டுவிட்டேன். குறையாதை என்றுதான் சொன்னார், ஆனால் எனக்கே பொறுக்கவில்லை.) என் மனைவியும் பிள்ளையும் அக்கரையில் இருக்கிறார்கள். பிள்ளைக்கு என் முகம் தெரியாது. அவர்கள் வந்து சேரவேண்டும் என்று இந்தச் சாமிக்கு நேர்ந்து இந்தக் கல்லை நட்டேன்.

முதலாளி ஒவ்வொன்றையும் சீனத்தில் சொன்னார். வர வர அவருடைய குரல் தணிந்துகொண்டு போனது.

அப்போதுதான் அந்த மெலிந்த பெரியவர் மடியிலிருந்த கோப்பைத் திறந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளே ஒரு தாளில் அதே கல்லின் சின்னப் படம், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் தட்டச்சு. எனக்கு இரண்டு சொல்தான் கண்ணில் பட்டன. அரசன் என்று ஒன்று, உடல்நலம் என்று ஒன்று. மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. விடை அவர் கையில் இருக்கிறது! அப்பாவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

பெரியவர் தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், முதலாளியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். முதலாளி என்னிடம் கேட்டார். மனைவி பிள்ளை பற்றி எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டமுடியுமாம்.

அப்பா ஒருகணம்கூட யோசிக்கவில்லை. விரலைக் கீழே இறக்கி, தேய்ந்துபோன கடைசி வரியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தடவிக்கொண்டு போனார்.

“இந்தா, இதில.”

எல்லாருடைய கண்ணும் அந்த விரலில் இருந்தது. முன்வரிசைக் கிழவி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள், அவளுடைய தோள் குலுங்கியது. முதலாளி அவளைப் பார்த்து ஒரேயொரு சொல் சொன்னார், கடுமையாக. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை கடிதமும் இல்லை, வேலையும் இல்லை. அம்மா லொட்ஜிலேயே இருக்கவேண்டியதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரியவர் கோப்பை மூடினார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். முதலாளி அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் கல்லை நட்டவரின் மனைவியும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்களா என்று அதில் இருக்கிறதா?

நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்பாவுக்கு ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. என் அறிவுக்கு எட்டியவரை அதுதான் முதல்தரம். தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இல்லை,” என்றார். “அது இன்னும் எழுதேல்லை.”

சொன்னேன். முதலாளி சொன்னார். பெரியவர் எழும்பி வந்து அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தலையைக் குனிந்தார். பிறகு கைதட்டல். அந்தக் கிழவி எனக்கு ஒரு தோடம்பழம் தந்தாள். என் கன்னத்தை அழுத்தித் துடைத்தும் விட்டாள், வலித்தது.

பஸ்ஸில் அப்பா காற்றுப்போன பந்துமாதிரி இருந்தார். நான் கோபத்தில் இருந்தேன். பாடசாலையில் பொய் சொன்னால் மூலையில் நிறுத்துகிறார்கள், இவர் நாற்பது பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு வந்து தோடம்பழம் உரிக்கிறார். பாதியை எனக்கு நீட்டி, ஒருதருக்கும் விளங்கேல்லை, தப்பினம் என்றார். நான் வாங்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளி கடிதத்தைத் தந்தார். ஒரு பக்கம் கேட்ட இடத்தில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அடுத்த குளிர்காலம் விமான நிலையத்தில் தம்பி அப்பாவைக் கண்டு அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தான். அதற்குப் பிறகு வருடக்கணக்காக, எந்தப் பிறந்தநாள் வீட்டுக்குப் போனாலும் நாற்பது சீனரைத் தான் ஏமாற்றிய கதையை அப்பா சொல்லுவார். ஒருதருக்கும் விளங்கேல்லை என்று முடிப்பார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்தப் பெரியவர் மட்டும் ஏன் கோப்பை மூடினார் என்று எப்போதாவது யோசிப்பேன். தாளைச் சரியாகப் பார்க்கவில்லையாக்கும் என்று விட்டுவிடுவேன்.

போன வருடம் வேலை விஷயமாகச் சீனம் போனபோது ஒருநாள் ரயிலேறி அந்தப் பட்டினத்துக்குப் போனேன். அருங்காட்சியகத்தில் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். பழைய சிநேகிதரைக் கண்ட மாதிரி இருந்தது. அரசனுடைய உடல்நலத்துக்காக ஒருவர் சிவனை எழுந்தருளச் செய்த செய்தி என்று பலகையில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு பாடசாலைப் பிள்ளை, ஏழெட்டு வயது, தாயின் கையை விட்டு ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். மேல் வரிகளைப் பார்த்து முழுசினாள். கடைசி வரிக்கு வந்ததும் விரலை வைத்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

நான் தாயிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள், மேலே இருப்பது ஏதோ வெளிநாட்டு எழுத்து, கடைசி வரி மட்டும் எங்களுடையது, சீனம் என்று.

அந்த வரியில்தான் அப்பா விரலை வைத்தார். மண்டபத்தில் இருந்த நாற்பது பேரில் அந்த எழுத்துத் தெரியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஒருவர்கூட வாய்விட்டுச் சிரிக்கவில்லை.