மணியடித்த நாயும் ஏட்டு காசிநாதனும்

காசிநாதன் தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். கதவு திறந்துதான் கிடக்கிறது. அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கோவிந்தம்மாளின் முதுகு வாசலிலிருந்தே தெரிகிறது. இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவருக்குப் பெண்டாட்டியின் முதுகு அடையாளம் தெரியாமல் போகுமா? ஆனாலும் தொண்டையைக் கனைத்து, "நாந்தான், காசிநாதன், வர்றேன்" என்று அறிவித்துவிட்டு, உள்ளேயிருந்து பதில் வரும்வரை வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி நிற்பார்.

"வேற யாரு வரப்போறாங்க இந்த வூட்டுக்கு? உள்ள வாங்க, கொழம்பு ஆறுது."

பதில் கிடைத்த பிறகுதான் அந்தச் சிவப்புத் தலைப்பாகை குனிந்து நிலைப்படியைத் தாண்டும்.

ஆள் நல்ல உயரம். மீசை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. பார்த்தால் பச்சைக் குழந்தை அழும். ஆனால் ஆம்பூர் சந்தையில் அவருக்கு இருக்கிற பெயர் வேறு. போன மாதம் கோழி விற்கிற ஒருத்தி, "ஐயோ, திருடன், திருடன்!" என்று கூவிக்கொண்டு அவரிடம் ஓடிவந்தாள். வேறு போலீஸ்காரராக இருந்தால் தடியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்திருப்பார். நம் காசிநாதன் அசையவில்லை.

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்க! அதோ ஓடறான்!"

"மூஞ்சியப் பாத்தியா, முதுகப் பாத்தியா?"

"முதுகுதாங்க. ஓடறவன் மூஞ்சியக் காட்டிக்கினா ஓடுவான்?"

"கையில இன்னா இருந்துச்சு?"

"என் கோழிங்க!"

"அது உன் கோழிதான்னு..."

"நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள அது வாணியம்பாடில கொழம்பாயிடும், ஏட்டய்யா!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கோழி போனது போனதுதான். ஆனால் அதே சந்தையில், எவனோ கை காட்டினான் என்பதற்காக ஒரு கூலியாள் அடி வாங்கி நான் பார்த்ததில்லை, காசிநாதன் பணியில் இருக்கிற நாட்களில். இதைச் சந்தைக்காரர்கள் சொல்லமாட்டார்கள், கோழியைத்தான் சொல்வார்கள்.

முன்பெல்லாம் அவர் இப்படியில்லை. மேலே இருக்கிறவர் வாயைத் திறந்தால் காசிநாதனின் கை வேலையை முடித்திருக்கும். "உத்தரவுன்னா உத்தரவு. அதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்று இளவட்டப் போலீஸ்காரர்களுக்கு அவரே பாடம் நடத்தியவர்தான். அந்தக் காசிநாதனைக் காலி பண்ணியது ஒரு நாய்.

ஊர்க் கோடியில் தோல் பதனிடுகிற இடம், அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் ஷாப்பு. அதன் வாசலில் பெரிய மணி ஒன்று தொங்கும். வேலைக்குக் கூப்பிட அடிக்கும்போது விட்டுவிட்டு அடிப்பார்கள். விடாமல் அடித்தால் கொள்ளைக்காரன் என்று அர்த்தம்; கூப்பிடு தூரத்தில் இருக்கிற போலீஸ் ஸ்டேஷன் துப்பாக்கியோடு ஓடிவர வேண்டும். தோல் கட்டுகள் ஒருமுறை களவு போனதிலிருந்து இப்படி ஒரு ஏற்பாடு. மணிக்கு முதலில் தேங்காய் நார்க் கயிறுதான் இருந்தது. அது அற்றுப்போனதும், "தோல் ஷாப்புல தோலுக்கா பஞ்சம்?" என்று சாயபு பச்சைத் தோலில் வார் கிழித்துக் கட்டச் சொன்னார். வார் காய்ந்து விறைத்து, கம்பியைப் போல உறுதியாகத் தொங்கிற்று. எல்லாருக்கும் திருப்தி.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மழை பெய்தது. வார் நனைந்து, ஊறி, மறுபடியும் பச்சைத் தோலாகி மணக்கத் தொடங்கியது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஷாப்புக்கு விடுமுறை, சாயபுவும் மற்றவர்களும் பள்ளிவாசலில். வேலை நாட்களில் தோலிலிருந்து சுரண்டி எறிகிற சவ்வைத் தின்று வளர்ந்த ஷாப்பு நாய்க்கு அன்றைக்குப் பட்டினி. பட்டினி கிடந்த நாய்க்கு எட்டுகிற உயரத்தில் விருந்து தொங்கியது. அது கவ்வி இழுத்தது. மணி அடித்தது. தோல் வரவில்லை. நாய் விடுமா?

ஸ்டேஷனில் அன்றைக்கு இருந்தவர் சப் இன்ஸ்பெக்டர் ராமமூர்த்தி. பயிற்சி முடித்து வந்த புதிது. பூட்ஸின் பளபளப்பு இன்னும் போகவில்லை. "கொள்ளை! கிளம்புங்க!" என்று அவர் முன்னால் ஓட, துப்பாக்கியோடு காசிநாதன் பின்னால் ஓடினார். ஷாப்பு முற்றத்தில் கொடி கொடியாக ஆட்டுத் தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால் மணி பேய் பிடித்தது போல அடிக்கிறது. யார் அடிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அப்போது கொட்டகைக்குள்ளிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். கையில் இரண்டு பக்கமும் பிடி வைத்த, தோல் சுரண்டுகிற வளைந்த கத்தி. "இன்னிக்கி உன்னக் கொல்லாம விடமாட்டேன்!" என்று அலறிக்கொண்டே தோல்களுக்குள் புகுந்தான்.

"சுடு!" என்றார் ராமமூர்த்தி.

காசிநாதன் சுட்டார்.

ஆள் விழுந்தான். மணி நின்றது. புகை கலைவதற்குள், விழுந்தவனின் குரல் தோல்களுக்குப் பின்னாலிருந்து வந்தது:

"நாய் இந்தப் பக்கம் இருக்குது, ஏட்டய்யா!"

ரத்தினசாமி. அதே ஷாப்பில் தோல் சுரண்டுகிறவன். வெள்ளிக்கிழமைகளில் காவலுக்குப் படுத்துக்கொண்டு, மறுநாளைக்காகக் கத்தியைத் தீட்டி வைப்பான். மணி வாரைத் தின்கிற நாயை விரட்ட எழுந்து வந்தவன், விழுந்த பிறகே போலீஸைப் பார்த்து, தனக்கு உதவியாக வந்திருப்பதாகவே நினைத்தான். குறி தவறிவிட்டது என்பதுதான் அவனுடைய வருத்தம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் இடுப்புக்குக் கீழே கையை வைத்துப் பார்த்து, கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்து, "அம்மா" என்றான். காசிநாதன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார். தலைப்பாகையை அவிழ்த்து அவன் காயத்தில் சுற்றினார். சிவப்புத் துணியில் ரத்தம் தெரியவே இல்லை என்று இப்போதும் கோவிந்தம்மாளிடம் சொல்லி அழுவாராம்.

தொழுகை முடிந்து வந்த சாயபு முற்றத்தைப் பார்த்தார். துப்பாக்கி ரவை சிதறி, ஒரு கொடித் தோல் முழுக்கச் சல்லடை. "தோலுக்கு அப்புறமா அழுதுக்கறேன். மொதல்ல வண்டியக் கட்டுங்கடா" என்றார். ரத்தினசாமி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் குப்புறப் படுத்தபடி போனான். பிழைத்தான். ஆனால் ரவைகளில் ஒன்றை டாக்டரால் எடுக்க முடியவில்லை.

வேடிக்கை இதோடு முடிந்திருந்தால் தேவலை. துப்பாக்கி வெடித்தால் சர்க்காருக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். நாய் மணியடித்தது என்று சொல்ல எந்த சப் இன்ஸ்பெக்டருக்குத்தான் வாய் வரும்? கத்தியால் போலீஸைக் கொல்ல வந்தான் என்று ரத்தினசாமி மேல் வழக்கு எழுந்தது. நிரூபணமானால் வருஷக்கணக்கில் ஜெயில்.

"பாய்ஞ்சான், நீங்க துப்பாக்கியத் தூக்கினதும் திரும்பினான், அதான் பின்பக்கம் பட்டுச்சு. இவ்வளவுதான் நீங்க சொல்லணும்" என்றார் ராமமூர்த்தி. "மாத்திச் சொன்னா, சுட்டது நீங்க. நான் உத்தரவு போட்டதுக்கு யார் சாட்சி?"

பென்ஷனுக்குக் கொஞ்ச காலமே பாக்கி இருந்த மனிதர். சரியென்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல், நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலிலேயே ரத்தினசாமியின் மனைவி அமிர்தவள்ளி பிடித்துக்கொண்டாள்.

"சுட்டதுதான் சுட்டீங்க, ஜெயிலுக்கு வேற அனுப்புவீங்களா? அங்கயும் குப்புறத்தான் படுத்துக் கெடக்கணுமா எம்புருசன்? ஒரு வார்த்த, 'யார்றா அது'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்?"

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியபோதுதான் காசிநாதன் முதன்முதலாகத் தன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

விசாரணை ஷாப்பு முற்றத்திலேயே நடந்தது. டெபுடி கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரத்தினசாமியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து பக்கத்தில் குப்புற வைத்தார்கள்.

"இவன் கத்தியோடு ஓடிவந்தானா?" என்று கேட்டார் டெபுடி கலெக்டர்.

"ஓடிவந்தாருங்க."

"கொல்லுவேன் என்று கத்தினானா?"

"கத்துனாருங்க."

ராமமூர்த்தியின் முகம் மலர்ந்தது. கட்டிலின் பக்கத்திலிருந்து அமிர்தவள்ளி விசும்புகிற சத்தம் கேட்டது.

"யாரை?"

"நாயைங்க."

"நாயையா?"

"மணியடிச்ச நாயைங்க. எங்க பக்கமே அவரு திரும்பலீங்க. எங்களப் பாக்கவும் இல்ல. முதுகத்தான் காட்டிக்கினு ஓடுனாரு. ஐயா சுடுன்னாங்க, நான் சுட்டேன்."

முற்றத்தில் நின்றவர்கள் நாய் என்றதும் சிரித்துவிட்டார்கள். டெபுடி கலெக்டரின் வாயும் கோணியது. ஆனால் அவர் விடவில்லை. "யார், எவர் என்று கேட்காமலா சுட்டாய்?"

"கேக்கலீங்க" என்றார் காசிநாதன். "கேட்டிருந்தா சுட்டிருக்கமாட்டேன். கேக்கணும்னு தோணவே இல்லீங்க, ஐயா. அதான் தப்பு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வழக்கு தள்ளுபடியானது. ராமமூர்த்தியைச் சோளிங்கர் பக்கம் மாற்றினார்கள். காசிநாதனின் ஏட்டுப் பட்டையைக் கழற்றிக்கொண்டு சாதாரண போலீஸ்காரராக இறக்கினார்கள்; வரப்போகிற பென்ஷனும் அதற்கேற்றாற்போல இறங்கியது. ஊரார் மட்டும் இன்னும் ஏட்டய்யா என்றே கூப்பிடுகிறார்கள். அவரைவிடக் கோவிந்தம்மாளுக்குத்தான் கோபம். "கேள்வி கேக்கறத வேலைக்குச் சேந்தப்பவே ஆரம்பிச்சிருக்கக் கூடாதா?" என்பாள். சாயபு மணிக்கு இரும்புச் சங்கிலி போட்டுவிட்டார். நாய் அங்கேயேதான் இருக்கிறது, முன்பைவிடக் கொழுத்து.

ரத்தினசாமி இப்போது நடக்கிறான், வேலை செய்கிறான். உட்காரத்தான் முடியாது, உட்கார்ந்தால் அந்த ஒற்றை ரவை குத்தும். சாயந்திரம் வேலை முடிந்ததும் ஸ்டேஷன் ரோட்டில் பாய் டீக்கடைக்கு வருவான். அந்தக் கடை பெஞ்சில் சாதி கேட்காமல் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ரத்தினசாமி தூணில் ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு, நின்றபடியே குடிப்பான்.

காசிநாதனும் அதே நேரத்துக்கு வருவார். நாள் முழுக்கச் சந்தையில் நின்ற கால்கள், முழங்கால் வீங்கியிருக்கும். கடைக்கார பாய் புதிதாக ஆளை அமர்த்தியிருக்கிறார். அவனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. ஒரு சாயந்திரம் போலீஸ்காரர் வருவதைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு, துண்டால் பலகையைத் துடைத்து, "உக்காருங்க ஏட்டய்யா, காலு வலிக்கப்போவுது" என்றான்.

"நீ உக்காரேன், ஏட்டய்யா" என்றான் ரத்தினசாமியும்.

காசிநாதன் டீயை வாங்கிக்கொண்டார். வலிக்கிற காலை மாற்றி வைத்து, தூணின் மறுபக்கத்தில் தோளைச் சாய்த்து நின்று, கிளாஸை ஊதினார்.